சாவி யார் கையில?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. போன வாரம் ஒரு பதிவர் நண்பர் போன் பண்ணினார். அவரோட தளம் நாலு நாளா திறக்கலையாம்.

"ஹோஸ்டிங் எங்க வாங்கினீங்க?"

"தெரிஞ்ச பையன் ஒருத்தன் பண்ணிக் கொடுத்தான் பாஸ். இப்ப போனை எடுக்க மாட்டேங்கறான்."

"சிபேனல் லாகின் இருக்கா?"

"அப்படின்னா?"

"சரி விடுங்க. டொமைன் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்... இருக்கணும்..."

அந்த 'இருக்கணும்'ல ஒரு இழுவை இருந்துச்சு பாருங்க, அதைக் கேட்டதும் எனக்கு வயித்தை என்னமோ பண்ணிச்சு. ஏன்னா ஒரு காலத்துல அந்த 'தெரிஞ்ச பையன்' நான்தான்.

சொந்தக் கதைதான். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கங்க மக்களே.

2005ல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துட்டு இருந்தேன். சம்பளம் பத்தாது. சாயங்காலமானா சைடு தொழில், கடைக்காரங்களுக்கு வெப்சைட் பண்ணிக் கொடுக்கிறது. பண்ணின சைட்டை எங்கயாவது வைக்கணும்ல? அதுக்காக ரீசெல்லர் கணக்கு ஒண்ணு வாங்கினேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவுல ஒரு டேட்டா சென்டர். அதுல ஒரு சர்வரை மாச வாடகைக்கு எடுத்தவர் சென்னையில ஒருத்தர். அவர்கிட்ட இருந்து கொஞ்சம் இடத்தை உள்வாடகைக்கு எடுத்தவன் நான். என்கிட்ட இருந்து இன்னும் கொஞ்சமா எடுத்தவங்க என் வாடிக்கையாளர்கள். பெரிய வீட்டைப் பிரிச்சுப் பிரிச்சு கடைசியில திண்ணைக்கு வாடகை வாங்கின மாதிரி :-)

இதுல ஒவ்வொரு படிக்கும் ஒரு சாவி உண்டு. சர்வர் முழுசுக்கும் 'ரூட்'. என்னை மாதிரி ரீசெல்லருக்கு டபிள்யூ.எச்.எம். அதுல புதுக் கணக்கு திறக்கலாம், மூடலாம், யாருக்கு எவ்வளவு இடம்னு வைக்கலாம். வாடிக்கையாளருக்கு சிபேனல். 1996ல இருந்து இருக்கிற சாமான் அது. மெயில் ஐடி உண்டாக்க, பாஸ்வேர்ட் மாத்த, பைல் ஏத்த, டேட்டாபேஸ் பாக்க, பேக்கப் எடுக்கன்னு எல்லாத்துக்கும் படம் போட்ட பொத்தான் இருக்கும். ஒரு கணக்கைத் திறந்த உடனே அந்தச் சாவியும் கூடவே பொறந்துடும். அதை வாடிக்கையாளர் கையில கொடுக்கிறதுதான் முறை.

நான் கொடுக்கலை. ஒருத்தருக்கும் கொடுக்கலை.

யாராவது கேட்டா ரெடிமேடா ஒரு பதில் வச்சிருந்தேன். "உங்களுக்கு எதுக்கு சார் அந்தத் தலைவலி? என்ன வேணும்னாலும் ஒரு போன் பண்ணுங்க, அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்." கேக்கிறவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும். அடடா, தம்பி எவ்வளவு பொறுப்பா இருக்கான்னு!

உள்ளுக்குள்ள காரணம் மூணு. ஒண்ணு, எதையாவது தட்டிக் கெடுத்துட்டு ராத்திரி பதினோரு மணிக்கு என்னையத்தான் எழுப்புவாங்க. ரெண்டு, சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் அம்பது, நூறுன்னு வரும், அது நின்னு போயிடும். மூணாவது, சாவி கையில இருந்தா நாளைக்கே வேற ஆள்கிட்ட போயிடுவாங்க. முதல் காரணத்தை வெளியில சொல்லிக்குவேன். மூணாவதை எனக்கே சொல்லிக்கிட்டதில்லை.

டொமைனும் அதே கதைதான். பதிவு பண்ணும்போது பேரு, மெயில் ஐடி, போன் நம்பர் எல்லாத்துக்கும் என்னோடதையே போட்டுடுவேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ற சோம்பேறித்தனம்னு நெனச்சுக்கிட்டேன். நெசத்துல அது பத்திரத்துல என் பேரைப் போட்டுக்கிட்டு அவங்களைக் குடி வச்ச மாதிரி.

இனி அக்கா கதைக்கு வாரேன்.

பாளையங்கோட்டையில திருமணத் தகவல் மையம் நடத்தின ஒரு அக்கா. கணவர் தவறினப்புறம் வீட்டு முன்னறையில ரெண்டு மேஜை போட்டு ஆரம்பிச்சது. துபாய், மஸ்கட்னு இருக்கிற நம்ம ஊர்க்காரங்க பொண்ணு, பையன் ஜாதகத்தையும் போட்டோவையும் மெயில்ல அனுப்புவாங்க. அதுக்காகத்தான் அவங்க வெப்சைட்டே வச்சது. நான் ஒரு மெயில் ஐடி உண்டாக்கி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல செட் பண்ணிக் கொடுத்துட்டு வந்துட்டேன். பாஸ்வேர்ட் கட்டத்துல கருப்புப் புள்ளியாத் தெரியும், அவ்வளவுதான். அக்காவுக்கு அது என்னன்னே தெரியாது. அங்க வேலை பார்த்த பையன் ஒருத்தன் மட்டும் ஒரு தடவை "சிஸ்டம் பார்மட் பண்ணியாச்சு, மறுபடி செட் பண்ணணும்"னு போன்ல கேட்டான். சொல்லிட்டேன்.

2007 ஆவணி. முகூர்த்த சீசன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையனுக்கும் அக்காவுக்கும் கணக்கு விஷயத்துல தகராறு. பையன் வேலையை விட்டுட்டுக் கிளம்பிட்டான். அக்கா விவரமானவங்க, உடனே எனக்குப் போன் அடிச்சாங்க. மெயில் பாஸ்வேர்டை மாத்தணும்னு.

நான் அன்னிக்குக் குற்றாலத்துல சீசன் குளியல்ல இருந்தேன். போனை ரூம்ல போட்டுட்டு அருவிக்குப் போயாச்சு. அப்புறம் சார்ஜ் தீந்து போச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டா பதினேழு மிஸ்டு கால்.

பாஸ்வேர்ட் மாத்தறதுங்கிறது சிபேனல்ல ஒரு நிமிஷ வேலைங்க. இமெயில் அக்கவுண்ட்ஸ்னு பொத்தான், அதுக்குள்ள பாஸ்வேர்ட் மாத்துன்னு இன்னொரு பொத்தான். முடிஞ்சது. வெப்மெயில்ல போய்க் கூட மாத்தலாம். ஆனா பழைய பாஸ்வேர்ட் தெரியணும், வெப்மெயிலுக்கு விலாசம் தெரியணும். ரெண்டையும் நான் அவங்களுக்குச் சொல்லவே இல்லையே. அவங்க கடை, அவங்க கொடுத்த காசு, அவங்களுக்கு வந்த மெயில். அதைப் பூட்டிக்கிறதுக்கு நான் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

அந்த ஒண்ணரை நாள்ல பையன் தன் வீட்டு கம்ப்யூட்டர்ல அதே ஐடியை செட் பண்ணி, பெட்டியில கெடந்த அம்புட்டையும் இறக்கிட்டான். அடுத்த வாரத்துல இருந்து அக்காகிட்ட பதிஞ்ச குடும்பங்களுக்கு அவன்கிட்ட இருந்து நேரா போன். "அங்க கொடுக்கிறதுல பாதி கொடுங்க, நான் முடிச்சுத் தாரேன்"னு.

நான் அக்கா ஆபீஸுக்குப் போனப்ப ஒரு பெரியவர் உக்காந்திருந்தார். சத்தம் போடலை. "எம் பொண்ணு போட்டோ எவன் கையில இருக்கு? அதை மட்டும் சொல்லுங்கம்மா"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருந்தார். அக்காகிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் பதில் இல்லை. எத்தனை போட்டோ போச்சு, எங்க போச்சுன்னு எங்களுக்குத் தெரியவே இல்லை.

அவர் போனதும் அக்கா என்னைத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டலை. காப்பி வாங்கிக் கொடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"தம்பி, என் வீட்டு பீரோ சாவிய நீங்க இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியிய. நகை களவு போனா நான் யார்கிட்ட போய் நிக்கட்டும்?"

காப்பி இறங்கலைங்க.

அன்னிக்கு ராத்திரிதான் டபிள்யூ.எச்.எம்.மை ஒழுங்கா உக்காந்து படிச்சேன். ரெண்டு வருஷமா தொழில் பண்றேன், அதுல பாதிப் பொத்தானை அமுக்கிப் பார்த்ததில்லை. அப்பத்தான் ரெண்டு விஷயம் உறைச்சுது.

முதல் விஷயம், வாடிக்கையாளர் கையில சிபேனல் சாவியைக் கொடுக்கிறதால நம்ம சாவி போயிடறதில்லை. ரீசெல்லர் தன் டபிள்யூ.எச்.எம். வழியா, வாடிக்கையாளரோட பாஸ்வேர்ட் தெரியாமலேயே அந்தக் கணக்குக்குள்ள போய் சரி பண்ணிக் கொடுக்கலாம். நான் பயந்த பயமே அர்த்தமில்லாதது. (இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. உங்க பாஸ்வேர்ட் எவ்வளவு கஷ்டமானதா இருந்தாலும் மேல இருக்கிறவர் நெனச்சா உள்ள வரலாம். ஆளைப் பாத்து வாங்குங்க.)

ரெண்டாவது, ஃபீச்சர் மேனேஜர்னு ஒண்ணு. வாடிக்கையாளர் உள்ள போனா எந்தெந்தப் பொத்தான் தெரியணும்னு நாமளே தீர்மானிக்கலாம். எல்லாத்தையும் திறந்துவிட்டா மிரண்டுடுவாங்க. அக்காவுக்கு எட்டே எட்டு வச்சேன். மெயில் ஐடி, மெயில் பார்வர்டு, பேக்கப், பைல் மேனேஜர், இட அளவு, எத்தனை பேர் வந்தாங்கங்கிற கணக்கு, சொந்த பாஸ்வேர்டை மாத்தறது, தொடர்பு மெயிலை மாத்தறது. டிஎன்எஸ் சமாச்சாரத்தையெல்லாம் மறைச்சுட்டேன். அதுல ஒரு வரியைத் தப்பா அழிச்சா மெயிலே வராது.

மறுநாள் போய்ப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். நாற்பது பக்க நோட்டுல அவங்களே எழுதிக்கிட்டாங்க. "1. அந்த விலாசத்தை அடி. 2. பச்சைப் பொத்தான்..." அப்படின்னு, சமையல் குறிப்பு மாதிரி. பேக்கப் எடுக்கக் காட்டினப்ப, "இது எதுக்கு தம்பி?"ன்னாங்க. "எல்லாத்தையும் மொத்தமா ஒரு மூட்டையாக் கட்டி உங்க கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்துடும்க்கா." "அப்ப மாசம் ஒருக்கா வெள்ளிக்கிழமை எடுத்திருதேன்"ன்னாங்க. நான் சிரிச்சேன்.

சரி, இதோட எல்லாம் சுபம்னு நெனச்சா இல்லை. அப்புறம் சாவி கேட்ட சிலருக்குக் கொடுத்தேன். பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருத்தர் பைல் மேனேஜர்ல போய், "பப்ளிக் எச்டிஎம்எல்னு ஒண்ணு இடத்தை அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு, அழிச்சிட்டேன் தம்பி"ன்னார். மொத்த சைட்டும் அதுக்குள்ளதாங்க இருக்கு! அவ்வ்வ்வ்... என் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் இருந்ததால தப்பிச்சார். இன்னொருத்தர் பாஸ்வேர்டா தன் செல் நம்பரையே வச்சார். அந்த நம்பர் கடை போர்டுலயே பெருசா எழுதியிருக்கு. ஒரே மாசத்துல யாரோ உள்ள புகுந்து அவர் கணக்குல இருந்து குப்பை மெயிலா அனுப்பித் தள்ளிட்டாங்க. அதனால சும்மா சாவியைத் தூக்கிக் கொடுத்தாப் போதும்னு நான் சொல்ல மாட்டேன். அரை நாள் பக்கத்துல உக்காரணும். அந்த அரை நாளுக்குச் சோம்பல்பட்டுத்தான் நாம 'அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்'னு சொல்றோம்.

ஆனா அப்பவும் நான் முழுசாத் திருந்தலை. கேட்டவங்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன். கேக்காதவங்களுக்கு நானாப் போய்ச் சொல்லலை. அதுக்கான தண்டனை 2009ல வந்துச்சு. எனக்கு வந்திருந்தாக் கூடப் பரவாயில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர். தாமிரபரணிக் கரையோரக் கிராமம். தன் ஊரைப் பத்தி எழுதணும்னு எழுபது வயசுல தமிழ் டைப்பிங் கத்துக்கிட்டவர். வேர்ட்பிரஸ் போட்டுக் கொடுத்தேன். ஊர்க் குளம், மடை, எந்த மடைத் தண்ணி எந்த வயலுக்குப் போகும், வெட்டினது யாரு, நடுவுல நின்னு போன கொடை, பஞ்சத்துல ஊரை விட்டுக் கொழும்புக்குப் போனவங்க குடும்பம்னு ஒண்ணரை வருஷமா எழுதினார். காகிதத்துல எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. வயசாளிங்ககிட்ட கேட்டுட்டு வந்து நேரா அந்தக் கட்டத்துலயே அடிப்பார். அறுபத்தி நாலு பதிவு.

அவரை வேர்ட்பிரஸ்ல 'எடிட்டர்'னு வச்சிருந்தேன். அட்மின் நான். எடிட்டருக்கு எழுதலாம், திருத்தலாம், வெளியிடலாம். ஆனா எழுதினதையெல்லாம் மொத்தமா ஏற்றுமதி பண்ற வசதி மட்டும் அவர் திரையில தெரியாது. அது அட்மினுக்குத்தான். ஒரு நாள் கேட்டார். "தம்பி, நான் எழுதினதையெல்லாம் ஒரு சிடியில போட்டுத் தர முடியுமா?"

நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். "எதுக்கு சார், சர்வர்ல பத்திரமா இருக்கு. அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

2009 நவம்பர்ல அந்த சர்வரோட ஹார்ட் டிஸ்க் போச்சு.

சென்னைக்காரர் ரெண்டு நாள் போனை எடுக்கலை. மூணாவது நாள் எடுத்து, "பேக்கப் அதே டிஸ்க்லதான் பாஸ் இருந்துச்சு"ன்னார். ஒரு வருஷம் முன்னாடி நான் அவர்கிட்ட, பேக்கப்பை வேற இடத்துல வைக்க எனக்கு வழி பண்ணிக் கொடுங்கன்னு கேட்டிருக்கேன். அவர் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. "உங்களுக்கு எதுக்கு பாஸ் அந்தத் தலைவலி? அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

அந்த வாக்கியத்தை மறு முனையில இருந்து கேட்டா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மொத்தம் 23 சைட். சாவி வச்சிருந்து தாங்களே பேக்கப் எடுத்து வச்சவங்க ஆறு பேர். பதினோரு சைட்டுக்கு என்கிட்ட பழைய நகல் இருந்துச்சு, அதெல்லாம் நாலு பக்கச் சைட், எப்படியோ ஒப்பேத்தினேன். மிச்சம் ஆறு போயே போச்சு.

அக்காவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "நான் முந்தின வெள்ளிக்கிழமைதான் எடுத்தேன் தம்பி, பென் டிரைவ்ல இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க"ன்னாங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க. புது சர்வர்காரங்ககிட்ட அந்த மூட்டையைக் கொடுத்தோம், அன்னிக்குச் சாயங்காலமே சைட், மெயில் ஐடி எல்லாம் அப்படியே வந்துடுச்சு. நான் சிரிச்ச அந்த வெள்ளிக்கிழமைதான் அவங்களைக் காப்பாத்துச்சு.

சார் வீட்டுக்கு நேர்லதான் போனேன். போன்ல சொல்லத் தைரியம் இல்லை. அப்பல்லாம் கூகுள்ல 'கேஷ்'னு பழைய நகல் கொஞ்ச நாளைக்கு இருக்கும் (2024ல அந்த வசதியை எடுத்துட்டாங்க). அதுலயும் இன்டர்நெட் ஆர்க்கைவ்லயும் ராத்திரி பகலாத் தேடி பத்தொன்பது பதிவைப் பிடிச்சிருந்தேன். அதைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போனேன். சார் ஒவ்வொரு தாளாப் புரட்டினார். "மடைக் கணக்கு இதுல இல்லையே தம்பி"ன்னார்.

"இல்லை சார்."

"அதைச் சொன்னவர் தை மாசம் தவறிட்டார்."

வேற எதுவும் சொல்லலை. சாப்பிட்டுட்டுப் போன்னார். மறுபடி எழுத ஆரம்பிச்சார், இந்தத் தடவை நோட்டுல. முடிக்கலை.

அதுக்கப்புறம் ஒரு மாசம் வேற வேலை பார்க்கலை. 23 பேர்ல மிஞ்சினவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் கடைக்கும் போனேன். டொமைனை அவங்க பேர்ல, அவங்க மெயில்ல மாத்தினேன். சிபேனல் சாவியை எழுதிக் கொடுத்தேன். வேர்ட்பிரஸ்ல அவங்களை அட்மின் ஆக்கினேன். பேக்கப் எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். மூணு பேர் சாவி கையில வந்ததும் வேற இடத்துக்குப் போயிட்டாங்க. நான் பயந்தபடியேதான். கொஞ்சம் வலிச்சுது, ஆனா தூக்கம் வந்துச்சு.

2019ல சிபேனல் கம்பெனி, கணக்கு எண்ணிக்கையை வச்சு விலை போட ஆரம்பிச்சாங்க. என்னை மாதிரி சின்ன ஆளுங்களுக்குக் கட்டுப்படியாகலை. கடையை மூடினேன். ஒரே ஒரு மெயில், "இந்தத் தேதிக்குள்ள மாத்திக்கங்க, உதவி வேணும்னா கூப்பிடுங்க"ன்னு. ரெண்டு வாரத்துல எல்லாரும் பெட்டி படுக்கையோட வேற வீட்டுக்குக் குடி போயிட்டாங்க. நாலு பேர்தான் கூப்பிட்டாங்க. அக்கா கூப்பிடலை. மாத்தி முடிச்சுட்டுத் தகவலா ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தாங்க :-)

இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். சொந்த டொமைன்ல எழுதறவங்க இன்னிக்கே அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் பார்த்துடுங்க:

1. டொமைன் உங்க பேர்ல, உங்க மெயில் ஐடியில இருக்கா? டொமைன் வாங்கின இடத்துல நீங்களே லாகின் பண்ண முடியுதா? காலாவதி அறிவிப்பு யாருக்குப் போகுதோ அவர்தான் நெசமான சொந்தக்காரர். டாட் காம் பேரு காலாவதியாகி கெடு எல்லாம் தாண்டிட்டா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

2. சிபேனலோ வேற ஏதோ ஒண்ணோ, அந்தச் சாவி உங்ககிட்ட இருக்கா? இருந்தா ஒரு தடவை உள்ள போய்ப் பாருங்க. எதையும் அழிக்காதீங்க, அண்ணாச்சி ஞாபகம் இருக்கட்டும்.

3. வேர்ட்பிரஸ்ல நீங்க அட்மினா, எடிட்டரா?

4. கடைசியா எடுத்த பேக்கப் எங்க இருக்கு? 'சர்வர்ல இருக்கு'ங்கிறது பதில் இல்லை.

5. உங்களுக்குச் சைட் பண்ணிக் கொடுத்தவர் நாளைக்குக் குற்றாலத்துல போனை ரூம்ல போட்டுட்டுக் குளிக்கப் போனா, உங்களால ஒரு பாஸ்வேர்டை மாத்த முடியுமா?

அடுத்தவங்களுக்குச் சைட் பண்ணிக் கொடுக்கிறவரா இருந்தா, இதே அஞ்சையும் அவங்க பக்கம் திருப்பிப் போட்டுப் பாருங்க.

போன் பண்ணின நண்பர் கதை? டொமைன் பையன் பேர்லதான் இருக்கு. காலாவதி ஆகியிருக்கு, ஆனா மீட்கிறதுக்கு இன்னும் கெடு இருக்கு. பையனோட அப்பா நம்பரைப் பிடிச்சாச்சு, நாளைக்குப் பேசறோம். பையனைத் திட்டாதீங்கன்னு நண்பர்கிட்ட சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: சார் எழுதின அந்தப் பத்தொன்பது பதிவும் அவர் பேரன்கிட்ட பத்திரமா இருக்கு. சாவியும் அவன்கிட்டயேதான்.